விண்டோஸ் செய்நிரல்களும் விலையில்லாத் தொகுப்பான்களும்

மாணவன் ஒருவன் சீ பிளஸ் பிளஸ் மொழியில் எழுதிய செய்நிரல் அவனுடைய கணினியிலே செவ்வனே இயங்குகின்றது. நண்பனுடைய கணினிக்குக் கொண்டுசென்றதும், ஏதோவொரு கோப்பைக் காணவில்லை என்னும் அறிவித்தலோடு நின்றுவிடுகின்றது. பிழை அவன் எழுத்தில் இல்லை. அவ்வெழுத்தை இயந்திர மொழிக்கு மாற்றிய தொகுப்பானின் இயல்பிலே உள்ளது. ஆதலின், விலையின்றிக் கிடைக்கும் தொகுப்பான்களை ஒப்புநோக்கப் புகுவோர், ஆக்கிய செய்நிரல் பிறர் கணினியில் எவற்றை வேண்டிநிற்கும் என்பதனையே முதற்கண் வினவுதல் வேண்டுமென்பது எமது கருத்து.

ரிச்சர்ட் ஸ்ரோல்மன் 1987ஆம் ஆண்டில் வெளியிட்ட ஜீ.சீ.சீ. தொகுப்பான் விண்டோசுக்கு வந்த வழிகள் இரண்டு. 1995இல் தொடங்கிய சிக்வின், யூனிக்ஸ் முறைமையின் சூழலை விண்டோசின்மேல் அமைத்துத் தருவது. யூனிக்சுக்கென முன்னரே எழுதியவற்றைச் சிறு மாற்றத்தோடு ஆக்குதற்கு அது பெரிதும் உதவும். ஆயினும், அவ்வாறு ஆக்கிய செய்நிரல் எங்குச் செல்லினும் சிக்வினின் நூலகக் கோப்பும் உடன்செல்லல் வேண்டும். 1998இல் தோன்றிய மின்ஜீடபிள்யூவோ அந்த இடைத்தளத்தை விலக்கி, விண்டோசின் பணிகளை நேரே அழைப்பது. அதன் வழித்தோன்றலாகிய மின்ஜீடபிள்யூ-டபிள்யூ64 கொண்டு 64 பிட் செய்நிரல்களையும் ஆக்கலாம். லினக்ஸ் கணினியில் இருந்தவாறே விண்டோஸ் செய்நிரலை ஆக்குதலும் கூடும். எனினும் ஜீ.சீ.சீ.க்குரிய நூலகக் கோப்புகள் இரண்டொன்று இங்கும் உடன்செல்ல வேண்டியிருக்கும். மேற்கூறிய மாணவன் இடர்ப்பட்டது இவ்விடத்திலேதான். இணைக்குங்கால் ‘ஸ்ரற்றிக்’ என்னும் கட்டளையைச் சேர்ப்பின், அவை செய்நிரலின் உள்ளேயே அடங்கிவிடும். கோப்புச் சற்றுப் பருக்கும், அவ்வளவே.

மைக்ரோசொப்ட் நிறுவனம் 2014இல் வெளியிட்ட விசுவல் ஸ்ரூடியோ கொம்யூனிற்றி தனியாளர்க்கும் மாணவர்க்கும் விலையற்றது; பெருநிறுவனங்களுக்குக் கட்டுப்பாடுகள் உண்டு. விலையின்மை வேறு, ஜீ.சீ.சீ.யைப் போல மூலநிரலையே எவரும் பார்த்துத் திருத்தும் உரிமை வேறு என்பதை இளைஞர் மறந்துவிடுகின்றனர். வழுக்களைத் தேடிக் களைவதற்கு இதன் கருவிகள் மிகச் சிறந்தவை. இதனால் ஆக்கியவையும் மைக்ரோசொப்டின் இயக்க நூலகத்தை வேண்டுவனவே. அதனையும் உள்ளடக்க வழியுண்டு.

இன்னுமோர் இடையூறு உளது. சீ பிளஸ் பிளஸ் மொழியில் நாம் இடும் பெயர்களை ஜீ.சீ.சீ. ஒருவிதமாகவும் மைக்ரோசொப்டின் தொகுப்பான் வேறுவிதமாகவும் திரித்தெழுதும். ஆகவே ஒன்றால் ஆக்கிய சீ பிளஸ் பிளஸ் நூலகம் மற்றையதுடன் இணையாது. சீ மொழி நூலகங்களுக்கு இத்தொல்லை பெரும்பாலும் இல்லை. கிளாங் தொகுப்பான் இரு முறைக்கும் இயையும். எனினும் மைக்ரோசொப்டின் முறையைப் பின்பற்றுங்கால் அந்நிறுவனத்தின் தலைப்புக் கோப்புகளும் நூலகங்களும் அதற்கு வேண்டும்.

புதிதாய்ப் பழகுவோர்க்கு நாம் விதந்துரைப்பது மின்ஜீடபிள்யூ-டபிள்யூ64. எம்எஸ்வைஎஸ்2 வழியாக அதனை எளிதில் நிறுவலாம். பிறர் தந்த நூலகம் மைக்ரோசொப்ட் முறையில் மாத்திரமே கிடைக்குமாயின், விசுவல் ஸ்ரூடியோவை நாடுக.