ஏரிக்கரையைத் தேடினேன்

சேலையூர்

அன்புள்ள பாப்பாவுக்கு,

பெரியப்பா எழுதிக்கொண்டது. நீ விட்டுச் சென்ற கதை நோட்டை இரண்டு முறை படித்துவிட்டேன். பூமியைப் போல் பத்து மடங்கு அகலமான கோள், அதில் பன்னிரண்டாயிரம் ஆண்டு நிலைத்த பேரரசு, முந்நூறு மன்னர்களின் வம்சாவளி. உன் வயதில் இவ்வளவு பெரிதாக நினைக்க எனக்குத் துணிவு இருந்ததில்லை. இதை நீ முடிக்க வேண்டும் என்று மனதார ஆசைப்படுகிறேன். அதனால்தான் சர்வே வேலையில் கழிந்த ஆயுளில் நான் கற்றதைச் சொல்கிறேன்.

முதலில் கோளின் அளவு. பூமியின் அதே அடர்த்தியோடு பத்து மடங்கு அகலம் என்றால் ஈர்ப்பும் பத்து மடங்கு. ஐம்பது கிலோ எடையுள்ள உன் நாயகி ஐந்நூறு கிலோ சுமையோடு எழுந்து நிற்க வேண்டும். ஈர்ப்பு நம்முடையதாகவே இருக்க வேண்டுமானால் அடர்த்தியைக் குறைத்தாக வேண்டும். பூமியின் சராசரி அடர்த்தி 5.5, தண்ணீர் 1. பத்து மடங்கு கேட்டால் கோள் தண்ணீரைவிட லேசாகிவிடும், காலூன்ற மண் இருக்காது. நம் பல்லாவரம் மலையின் கல் ஏறக்குறைய 2.7. கோள் முழுவதும் அப்படிப்பட்ட கல்லாக, இரும்பு அரிதாக இருந்தால் அகலம் இரண்டு மடங்கு, பரப்பு நான்கு மடங்கு கிடைக்கும், ஈர்ப்பும் மாறாது. 1952-இல் வெளிவந்த ஜாக் வான்ஸின் ‘பிக் பிளானட்’ நாவலின் கோள் உலோகம் அரிதான, பெரிய, லேசான கோள்தான்.

இரும்பு அரிது என்று வைத்த உடனே உன் கதைக்கு உயிர் வந்துவிடும். படைவீரன் கையில் என்ன இருக்கும்? உழவன் எதைக் கொண்டு உழுவான்? 1863 மே மாதம் நிலவியலாளர் ராபர்ட் புரூஸ் ஃபூட் நம் பல்லாவரத்தில்தான் ஒரு பழைய கற்கோடரியைக் கண்டெடுத்தார். இரும்பையே அறியாத மனிதர்கள் இதே மண்ணில் யுகம் யுகமாக வாழ்ந்திருக்கிறார்கள்.

அடுத்தது தூரம். இரண்டு மடங்கு கோளில் தலைநகரிலிருந்து மறுகோடி நாற்பதாயிரம் கிலோமீட்டர். தூதன் நாளுக்கு நாற்பது கிலோமீட்டர் போனால் ஓலை போய்ச் சேர ஆயிரம் நாள். மன்னர் இறந்த சேதி எட்டும்போது புதியவர் அரியணையில் மூன்று ஆண்டை நெருங்கியிருப்பார். அவ்வளவு தூரத்து ஊர்கள் எப்படி நடந்தன என்று உன் நோட்டில் ஒரு வரி கூட இல்லை. ஏரி, மதகு, வாய்க்கால் எதுவும் இல்லை. என் பெரிய குறை இதுதான். ஏன் என்று சொல்கிறேன்.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் இந்தப் பக்கம் ஓர் ஏரியின் எல்லையை அளக்கப் போனோம். சங்கிலியின் ஒரு முனையை நான் பிடிக்க, மறுமுனையோடு, உபரி நீர் வழியும் கலங்கல் பக்கம் போனார் ஏரித் தண்ணீரைப் பார்த்துக்கொள்ளும் அந்த ஊர் நீர்க்கட்டி. கலங்கல் மேல் வரிசையாகக் கற்கள் நட்டிருந்தன. மழை ஓயும் நேரத்தில் அந்தக் கற்களுக்கு இடையே புல்லும் மண்ணும் அடைத்து இன்னும் ஒரு முழம் தண்ணீர் நிறுத்துவார்களாம். என்றைக்கு அடைப்பது, என்றைக்கு எடுப்பது என்று அவருக்குத் தெரியும். அவர் அப்பாவுக்கும் தெரியும். எங்கள் புலப்படத்தில் அது எங்கும் இல்லை. அந்த ஏரி தனியாகவும் நிற்கவில்லை. சிட்லபாக்கம் ஏரி நிரம்பினால் செம்பாக்கம் ஏரி, பிறகு நன்மங்கலம், கீழ்க்கட்டளை, நாராயணபுரம், கடைசியில் பள்ளிக்கரணை சதுப்பு நிலம். ஒரு கரை உடைந்தால் கீழே உள்ள ஊர் அத்தனைக்கும் ஆபத்து.

ஏரியைக் காக்கும் இந்த வேலையை யார் கையில் கொடுப்பது என்றுதான் உத்திரமேரூர்க் கல்வெட்டு பேசுகிறது. சோழ மன்னன் முதலாம் பராந்தகன் காலம், கி.பி. 919. முப்பது குடும்புகளிலிருந்து குடவோலை எடுத்து ஆட்டை வாரியம், தோட்ட வாரியம், ஏரி வாரியம் அமைத்தார்கள். ஏரி வாரியத்துக்கு ஆறு பேர். கால் வேலிக்கு மேல் வரி கட்டும் நிலம் வேண்டும். கணக்குக் காட்டாதவனுக்கு இடமில்லை, அவன் உறவினருக்கும் இல்லை. இரண்டே ஆண்டில், 921-இல், விதிகளைத் திருத்தி மறுபடியும் வெட்டினார்கள். உன் பேரரசின் சட்டங்கள் பன்னிரண்டாயிரம் ஆண்டும் ஒரே சொல்லில் நிற்கின்றன. அப்படி நிற்காது, பாப்பா. திருத்திக்கொண்ட ஊர்தான் பிழைத்தது.

பெயர்களையும் கவனி. ராஜராஜன் தொண்டை மண்டலத்தை ஜெயங்கொண்ட சோழ மண்டலம் ஆக்கினார். அதற்குள் இருந்த புலியூர்க் கோட்டம் பழைய பெயரோடே தொடர்ந்தது. வெற்றி கொண்டவன் மேலே எழுதுகிறான், கீழே ஊர் தன் பெயரிலேயே இருக்கிறது. உன் வரைபடத்தில் ஒவ்வொரு இடத்துக்கும் இரண்டு மூன்று பெயர் எழுது; எதை யார் சொல்கிறார்கள் என்றும் குறித்துவை.

தொடக்கம் சிறியதாகவே இருக்கட்டும். சர்வேயர் வில்லியம் லாம்டன் 1802 ஏப்ரலில் பரங்கிமலை அருகே ஓர் அடிக்கோடு அளந்தார். ஏறக்குறைய பன்னிரண்டு கிலோமீட்டர்தான். இந்தியா முழுவதையும் அளந்த வேலை அதிலிருந்துதான் வளர்ந்தது. நீயும் ஓர் ஊரை முழுதாக எழுது. முந்நூறு மன்னர்களும் காத்திருக்கட்டும்.

கல்கி ‘பொன்னியின் செல்வ’னைத் தொடங்கியதும் அரண்மனையில் இல்லை, வீரநாராயண ஏரிக்கரையில், ஆடிப் பதினெட்டு அன்று. அந்த ஏரியின் பெயரும் அதே பராந்தகனின் பட்டப்பெயர்தான். சோழர் ஆட்சி 1279-ஓடு முடிந்தது. இன்று வீராணம் எனப்படும் அந்த ஏரியின் தண்ணீரோ 2004 முதல் குழாய் வழியே சென்னைக்கு வருகிறது.

வரும் ஞாயிறு காலை தாம்பரம் வந்துவிடு. செங்கல்பட்டு வரை மின்சார ரயில், அங்கிருந்து உத்திரமேரூருக்குப் பேருந்து. வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில் அந்த எழுத்தை நீயே தொட்டுப் பார்க்கலாம். உன் நோட்டை நான் எடுத்து வருகிறேன்.

ஆசிகளுடன்,
பெரியப்பா