வேகப்பந்து வீச்சும் கீழ்முதுகும்

வேகப்பந்து வீச்சாளர் லட்சுமிபதி பாலாஜியை நம் வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள். சென்னையில் பிறந்த அவர் 2003இல் டெஸ்ட் ஆட்டத்தில் அறிமுகமானார். 2004இல் ராவல்பிண்டியில் ஏழு விக்கெட்டுகள். 2005 மார்ச்சில் மொகாலியில் ஒன்பது. அப்போது அவருக்கு வயது 23. அத்தொடருக்குப் பின் அவர் டெஸ்ட் ஆடவேயில்லை. மொத்தம் எட்டு டெஸ்ட், 27 விக்கெட்டுகள். முதுகெலும்பில் ஏற்பட்ட அழுத்த முறிவே அப்பயணத்தைப் பெரிதும் இடைமறித்தது.

அழுத்த முறிவு என்பது விழுந்து எலும்பு ஒடிவதன்று. கம்பியைத் திரும்பத் திரும்ப வளைத்தால் ஒருநாள் விரிசல் காண்பது போன்றது அது. பந்து வீசுகையில் உடல் பின்னோக்கி வளைந்து, பக்கவாட்டில் சாய்ந்து, முறுக்கிக்கொள்கிறது. அக்கணமே முன்னங்கால் தரையில் ஊன்ற, உடல் எடையின் பல மடங்கு விசை மேலேறுகிறது. வலக்கையால் வீசுபவருக்குப் பெரும்பாலும் கீழ்முதுகின் இடப்பக்கத்தில் விரிசல் தோன்றும். வளரும் பருவத்தில் எலும்பு முற்றியிராததால் ஆபத்து மிகுதி.

அறுவடை முடிந்த வயல்களிலும் வற்றிய ஏரிகளிலும் ஆடும் நம் பிள்ளைகளுள் நன்றாக வீசுபவனிடமே பந்து மீண்டும் மீண்டும் தரப்படுகிறது. திறமையே அவனுக்குப் பகையாகிறது. அமெரிக்காவின் லிட்டில் லீக் பேஸ்பாலில் 13 முதல் 16 வயது வரையுள்ளோர் ஒரு நாளில் 95 பந்துகளுக்கு மேல் வீசலாகாது. சபை உறுப்பினருக்கு வயது வரம்பைக் கல்லில் வெட்டிய உத்திரமேரூருக்கு இத்தகைய விதி புதியதன்று!

பந்து வீசும்போது கீழ்முதுகின் ஒரு பக்கம் வலித்து, ஓய்வில் குறைந்து, மறுபடி வீசினால் திரும்புமாயின் அதைச் சுளுக்கென்று எண்ணி உருவிவிடுதல் கூடாது. வலி மாத்திரையுடன் ஆட்டத்தைத் தொடர்வது அதனினும் கேடு. தொடக்க நிலை விரிசல் எக்ஸ்ரேயில் தெரியாமல் போகலாம், எம்.ஆர்.ஐ. பரிசோதனை காட்டிவிடும். தொடக்கத்திலேயே கண்டறிந்தால் சில மாத ஓய்விலும், பின்னர் இயன்முறைப் பயிற்சியிலும் பெரும்பாலும் ஆறிவிடும். இருபுறமும் முறிந்துவிட்டால் முள்ளெலும்பு முன்னோக்கி நழுவக்கூடும்.

பாலாஜியும் மீண்டு வந்தார். 2008 மே 10 அன்று சென்னையில் ஐ.பி.எல். போட்டியின் முதல் ஹாட்ரிக்கை எடுத்தவர் அவரே. ஆயினும் அதற்கு முன் இழந்த ஆண்டுகள் ஒரு வேகப்பந்து வீச்சாளரின் சிறந்த ஆண்டுகள்.

மருத்துவரிடம் வருகையில், பிள்ளை வாரத்தில் எத்தனை நாள், எத்தனை ஓவர் வீசுகிறான் என்பதைக் குறித்து வாருங்கள். கால் மரத்தாலோ, சிறுநீர் கழிப்பதில் தடுமாற்றம் கண்டாலோ அன்றே அழைத்து வாருங்கள்.