குடியானவரும் கற்கும் பொழுதும்

புதியதொரு விஷயத்தைக் கற்றுக்கொள்வதற்கு ஒரு மணி நேரத்தை ஒதுக்கலாகாதா என்று குடியானவர் ஒருவரை வினவினால், மூச்சுவிடவும் பொழுதில்லை என்னும் விடையே பெரும்பாலும் கிடைக்கும். இவ்விடை முழுப் பொய்யன்று. நாற்றுப்பறி, நடவு, களையெடுப்பு, அறுவடை ஆகிய நாட்களில் அவருக்குப் பொழுது விடிவதும் தெரியாது, சாய்வதும் தெரியாது. ஆயினும் நடவு முடிந்து பயிர் பச்சை பிடித்த பின்னர் அவரே தேநீர்க்கடைப் பலகையில் அமர்ந்து பக்கத்து வயற்காரரின் வழக்கு வியாஜ்ஜியங்களை மணிக்கணக்கில் விசாரித்துக்கொண்டிருப்பதும் உண்டு. அவ்வோய்வு வேண்டியதுதான், அதைக் குறை கூறுவார் எவருமில்லை. கற்பதற்கென்று நாள் குறித்து வைக்காதவருக்கு அந்நாள் தானாக வந்து சேர்வதில்லை என்பதே இங்குக் கவனிக்கத் தக்கது.

நாள் குறிப்பதற்கு வேறெங்கும் தேடிச் செல்ல வேண்டியதில்லை. அமாவாசையன்று ஏர் பூட்டுவதில்லை என்னும் வழக்கம் தமிழ்நாட்டில் பல ஊர்களில் நெடுங்காலமாக இருந்து வந்துள்ளது. மாட்டுக்கும் மனிதருக்கும் ஒருங்கே ஓய்வு கொடுத்த நாள் அது. உழவு இயந்திரம் வந்துவிட்ட கிராமங்களிலும் அந்நாளை மறந்தவர் சிலரே. ஆண்டொன்றுக்குப் பன்னிரண்டு, சில ஆண்டுகளில் பதின்மூன்று அமாவாசைகள் வருகின்றன. ஆடி, புரட்டாசி, தை மாதங்களில் காலைப் பொழுது முன்னோர் கடனுக்குச் சென்றுவிடுமாதலால், பிற்பகல் மூன்று மணிக்குமேல் ஒரு மணி நேரத்தை வரையறுத்துக்கொள்ளுதல் நலம். திண்ணையோ, களத்துமேடோ, கோயில் மண்டபமோ இடமாகலாம். ஒருவர் தனித்திருந்து கற்பதைவிட ஐந்தாறு பேர் கூடியிருந்து கற்பது நிலைத்து நிற்கும். மற்றவர் காத்திருப்பாரே என்னும் கூச்சம் சோம்பலை வெல்லும்.

குறித்த வேளையில் கூடிக் கற்பதன் பலன் வெறும் ஊகமன்று. 1956-ஆம் ஆண்டில் புனாவைச் சூழ்ந்த ஐந்து ஜில்லாக்களில் 150 கிராமங்களில் அகில இந்திய வானொலியார் ஐக்கிய நாடுகளின் கல்வி, விஞ்ஞான, கலாசார ஸ்தாபனத்தின் துணையோடு ஒரு சோதனை நடத்தினர். ஒவ்வோர் ஊரிலும் ஏறக்குறைய இருபது பேர் கொண்ட மன்றம் அமைந்தது. வாரத்திற்கு இரண்டு முறை, குறித்த நேரத்தில் அரைமணி நிகழ்ச்சி. அது முடிந்தவுடன் கேட்டதைப் பற்றிய விவாதம். ஆக இருபது நிகழ்ச்சிகள். மன்றம் இருந்த ஊர்களையும், வானொலிப் பெட்டி மாத்திரம் இருந்த ஊர்களையும் ஆராய்ச்சியாளர் ஒப்பிட்டனர். மன்றத்தார் அறிவில் பெரும் அபிவிருத்தி காணப்பட்டது. பெட்டி மாத்திரம் இருந்த ஊர்களில் மாறுதல் சொற்பமே. காதில் விழுந்த செய்தியைக் குறித்துப் பேசி, ஐயந்தெளிந்து, செய்ய வேண்டியதை முடிவு செய்தவர்களுக்கே அது பயன்பட்டது. தஞ்சைப் பிரதேசத்தில் 1960-களின் நடுவில் ஏ.டி.டீ. 27 என்னும் நெல் பரவியபோது, திருச்சி வானொலியில் அதன் சாகுபடி முறையைக் கேட்டறிந்த குடியானவர்கள் அதற்கு ரேடியோ நெல் என்றே பெயரிட்டு வழங்கியதும் இங்கு நினைவுகூரத் தக்கது.

இனி, அந்த ஒரு மணியில் கற்க வேண்டியது யாது? பலவற்றை ஒருங்கே எடுத்துக்கொள்ளுபவர் எதையும் முடிப்பதில்லை. அமாவாசைக்கு ஒரு விஷயம் போதும். அதுவும் அடுத்த முப்பது நாளில் தம் வயலிலேயே செய்து பார்க்கக் கூடியதாயிருக்க வேண்டும்.

விதையிலிருந்து தொடங்குவது முறை. நாற்றங்காலில் விதை பாதிக்கு மேல் முளையாமற் போய், மறுபடியும் விதை தேடி அலைந்து, அதற்குள் தண்ணீரும் பருவமும் கடந்துவிட, கடன் வாங்கிச் செய்த செலவும் கைவிட்டுப் போன குடியானவர் ஊர்தோறும் உண்டு. விதை விற்றவரை வைவதால் அப்பருவம் திரும்புவதில்லை. விதைப்பதற்கு இரண்டு வாரத்திற்கு முன்னரே, மூட்டையின் மேலும் நடுவிலும் அடியிலுமிருந்து எடுத்துக் கலந்த நெல்லில் 100 மணிகளைப் பொறுக்காமல் எண்ணி, ஈரத்துணியில் பரப்பிச் சுருட்டி, ஈரம் உலராமல் ஒரு வாரம் வைத்திருந்தால் உண்மை வெளிப்பட்டுவிடும். நன்றாய் முளைத்தவை 80-க்குக் குறைந்தால் அது விதையாகாது. பொறுக்காமல் என்று கூறியது காரணத்தோடுதான். நல்ல மணிகளாகத் தெரிந்தெடுத்து எண்ணித் தம்மைத் தாமே ஏமாற்றிக்கொள்வோர் பலர்.

முளைப்பு நன்றாயிருந்தாலும் பதரையும் அரைமணிகளையும் நீக்குதல் வேண்டும். 10 லிட்டர் நீரில் ஒன்றரைக் கிலோ உப்பைக் கரைத்து, அதில் ஒரு கோழிமுட்டையை இட்டால் அதன் முதுகு சிறிதளவு வெளியில் தெரியுமாறு மிதக்கும். அந்நீரில் விதையைக் கொட்டி மிதப்பவற்றைத் தள்ளிவிட்டு, அடியில் தங்கியவற்றை நல்ல தண்ணீரில் இரண்டு மூன்று முறை கழுவிக்கொள்ள வேண்டும். கழுவாது விட்டால் உப்பே முளைப்பைக் கெடுத்துவிடும். ஆடி அமாவாசைப் பாடமாக இது சம்பாவுக்கு ஏற்றது. குறுவை விதைப்பவர் வைகாசியிலேயே செய்துகொள்ள வேண்டும்.

இரண்டாவது பாடம் ஒப்பிட்டுப் பார்த்தல். குடியானவருக்குத் தெரிந்ததில் பாதி, ஒருமுறை நேர்ந்ததைக் கொண்டு என்றைக்கும் அப்படியே என்று நம்பிக்கொண்டதாகும். மூன்றாம் மேலுரம் இட்ட ஆண்டில் நல்ல மகசூல் கண்டவர், அவ்வாண்டின் மழையை மறந்து, உரத்தையே புகழ்வார். இதைத் தீர்க்க வழி எளிது. ஒரே வயலில் சிறு வரப்பிட்டு நான்கு துண்டுகளாக்கி, ஒன்றுவிட்டு ஒன்றுக்கு அவ்வுரத்தை இடாது விட வேண்டும். வரப்பில்லாவிடின் நீரோடு உரமும் கலந்துபோம். இரண்டு துண்டோடு நிறுத்தினால், வாய்க்காலை அடுத்தது எப்பொழுதும் கொழுத்து நிற்குமாதலால் கணக்குத் தவறும். விதை, நடவு நாள், களையெடுப்பு யாவும் நான்கிலும் ஒன்றாகவே இருத்தல் வேண்டும். அறுவடையில் வரப்போரத்தை நீக்கி, ஒவ்வொன்றின் உட்புறத்திலும் ஒரு சென்ட், அதாவது 40 சதுர மீட்டர் அளவு, அறுத்து, அடித்து, ஒரே பதமாய்க் காயவைத்து நிறுக்க வேண்டும். சென்டுக்கு ஒரு கிலோ வித்தியாசம் ஏக்கராவுக்கு நூறு கிலோவாகும். அந்நெல்லின் விலை, இட்ட உரத்தின் விலையையும் கூலியையும் கட்டுமா என்று பார்த்தால் முடிவு தானே தெரியும். ஓர் ஆண்டின் முடிவையும் நம்பிவிடலாகாது. மூன்று பருவமாவது பார்க்க வேண்டும்.

இதைக் கேட்டுப் பெருமூச்சு விடுவோருக்கு ஒரு செய்தி. இங்கிலாந்தில் ராதம்ஸ்டெட் என்னுமிடத்தில் லாஸ் என்பவரும் கில்பர்ட் என்பவரும் 1843-இல் கோதுமை வயலொன்றில் தொடங்கிய எருப் பரிசோதனை இன்றளவும் நடந்துவருகிறது. அவ்விருவர் மாத்திரம் ஐம்பத்தேழு ஆண்டுகள் கூடி உழைத்தனர். கோயம்புத்தூரில் 1909-இல் தொடங்கிய நிரந்தர எருப் பரிசோதனையும் அத்தகையதே. மூன்று பருவம் அவ்வளவு நீண்டதன்று.

பூச்சியின் விஷயத்தில் அமாவாசைக் கணக்கு உதவாது. தண்டுத் துளைப்பானின் முட்டை ஒரு வாரத்தில் பொரித்துவிடுமாதலால், வாரத்திற்கொருமுறை அரைமணி நேரம் வயலுக்குள் இறங்கியே தீர வேண்டும். வரப்பில் நின்று பார்ப்பது பார்வையாகாது. குறுக்காக நடந்து இருபது குத்துகளில் மொத்தத் தூர்களையும், நடுக்குருத்துக் காய்ந்தவற்றையும் எண்ணுக. நூற்றுக்குப் பத்தளவு காய்ந்திருந்தால் மருந்தைப் பற்றி யோசிக்கலாம். அதற்குக் குறைந்தால் தூர் கட்டும் பயிர் தானே ஈடுசெய்துகொள்ளும். எண்ணாமல் அடித்த மருந்துக்குக் கடையில் எழுதிய கடன், அறுவடையில் நெல்லாகத்தான் தீர்கிறது.

இவை யாவற்றையும் எழுதிவைக்க நாற்பது பக்க நோட்டுப் புத்தகம் ஒன்று போதும். தேதி, மழை, விதைத்த அளவு, எண்ணிய கணக்கு, நிறுத்த எடை, செலவு ஆகிய இவ்வளவே அதில் வேண்டுவது. எழுதத் தெரியாதவர் பள்ளிக்கூடம் செல்லும் மகளையோ மகனையோ எழுதச் சொல்லலாம். அமாவாசைக் கூட்டத்தில் பெண்களுக்கு இடமில்லாதிருப்பது பெருந்தவறு. நாற்றைப் பறித்து நடுபவரும், களையை முதலில் காண்பவரும், விதைக் குதிரின் பக்குவம் அறிந்தவரும் அவர்களே. விவசாய உத்தியோகஸ்தர் ஊருக்கு வரும்போது அப்புத்தகத்தை அவர் கையில் கொடுப்பதும் நல்லது. வந்தவுடன் பேசத் தொடங்கும் பழக்கமுடைய உத்தியோகஸ்தருக்கு அது சற்று வாசிக்கும் வாய்ப்பையும் தரும்.

சித்திரை, வைகாசியில் நிலம் காய்ந்து கிடக்கும்போது மண் எடுப்பது அவ்வாண்டின் முதல் வேலையாகலாம். வரப்பு, எருக்குழி, மரநிழல், வாய்க்காலோரம் இவற்றை நீக்கி, பத்துப் பதினைந்து இடங்களில் அரைச்சாண் ஆழத்துக்குச் சற்று மேலாக, 15 சென்டிமீட்டர் வரை ஆங்கில வி எழுத்துப்போல் வெட்டி, அதன் பக்கத்தைச் சீவி எடுத்த மண்ணை நிழலில் உலர்த்திக் கலந்து, நான்காகப் பிரித்து எதிரெதிர்ப் பங்கை நீக்கி நீக்கி, அரைக் கிலோவாகக் குறைத்து, பெயரும் சர்வே நம்பரும் முன் போட்ட பயிரும் எழுதிய சீட்டோடு மண் பரிசோதனை நிலையத்திற்கு அனுப்ப வேண்டும். விடை வந்த காகிதத்தை நோட்டுப் புத்தகத்தின் முதற் பக்கத்தில் ஒட்டி, புத்தகத்தை எலிக்கும் ஒழுக்கிற்கும் எட்டாதபடி விதைக் குதிருக்கு மேலே உள்ள ஆணியில் தொங்கவிடுக.