மாலத்தீவில் ஆங்கிலம் போதிக்கச் செல்வோர் கவனத்திற்கு

பட்டாசுச் சாலையில் உழைத்துத் தம்மைப் படிக்கவைத்த பெற்றோரின் கனவைச் சுமந்து, சிவகாசி அய்யநாடார் ஜானகி அம்மாள் கல்லூரி போன்றவற்றில் ஆங்கிலம் பயின்று, மாலத்தீவுப் பள்ளிகளில் உபாத்தியாயர் உத்தியோகம் ஏற்கப் பிரயாணப்படும் இளைஞர்கள், ஒப்பந்தம் முடிந்த பின் வரும் காலத்தையும் இப்போதே சிந்தித்துக்கொள்வது உத்தமம்.

• தமிழக அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனத்தையோ, மத்திய அரசிடம் பதிவு பெற்ற முகவரையோ மட்டுமே நாடுக.

• பி.எட். முடித்தே புறப்படுக, தாயகம் திரும்பி அரசுப் பள்ளியில் பட்டதாரி ஆசிரியராக விரும்புவோருக்கு ஆசிரியர் தகுதித் தேர்வும் அவசியம்.

• ஒவ்வோர் ஒப்பந்த முடிவிலும், போதித்த வகுப்பு, பாடம், தேதிகள் ஆகியவை தெளிவாகக் குறிக்கப்பெற்ற அனுபவச் சான்றிதழை, கையொப்பத்துடனும் முத்திரையுடனும் தீவை விட்டுக் கிளம்புமுன் பெறுக.

• முதுமைக்கு ஆதாரமாக, வெளிநாடு வாழ் இந்தியரும் சேரத்தக்க தேசிய ஓய்வூதியத் திட்டத்தில் சம்பளத்தின் ஒரு பாகத்தை மாதந்தோறும் தவறாது செலுத்துக.