கூரத்தில் குடியேறிய பேத்திக்கு

பிள்ளையார்பாளையம்,
காஞ்சிபுரம்.

அன்புப் பேத்திக்கு,

தாத்தா எழுதுவது. கூரத்தில் குடித்தனம் வைத்த கையோடு பிளாஸ்டிக் டப்பாக்களை ஒழித்துவிட்டதாகவும், மஞ்சப்பையும் மண்பானையும் மக்கும் குப்பைக்குத் தொட்டியும் வாங்கியதாகவும் எழுதியிருந்தாய். மனசு நிறைந்தது. 'இன்னும் என்ன வாங்க வேண்டும் தாத்தா?' என்று கேட்டிருக்கிறாய். இனி வாங்க ஒன்றும் இல்லையம்மா. இருப்பதைப் பார்த்துக்கொள்வதுதான் பாக்கி.

உன் பாட்டியின் கல்யாணப் புடவையை நீ பார்த்திருக்கிறாய். ஜரிகை இன்னும் மடிப்பில் ஒடியவில்லை. கட்டி அவிழ்த்ததும் நிழலில் ஆறப்போடுவாள். பழைய பருத்தி வேட்டியில் சுற்றி வைப்பாள். சில மாதத்துக்கு ஒரு முறை வெளியே எடுத்து, பழைய மடிப்பை விட்டுவிட்டு வேறு இடத்தில் மடிப்பாள். ஒரு பட்டுப்புடவைக்குப் பின்னால் எவ்வளவு தண்ணீர் போகிறது என்று தறிக்காரனான எனக்குத் தெரியும். பச்சைப் பட்டின் பசை போகச் சோப்பும் சோடாவும் போட்டுக் கொதிக்க வைக்கவேண்டும். அதிலேயே ஏறக்குறைய கால் பங்கு எடை கரைந்துவிடும். அப்புறம் அலசல், சாயம், மறுபடி அலசல். அந்தப் புடவையை மூன்று தலைமுறை கட்டினால், செலவான தண்ணீருக்கு நியாயம் செய்தோம் என்று அர்த்தம்.

இப்படி இருப்பதைப் பார்த்துக்கொள்வது நீ போயிருக்கும் ஊருக்குப் புதுப் பாடமும் இல்லை. கூரத்தாழ்வான் பிறந்த ஊர் என்று உனக்குச் சொல்லியிருப்பார்கள். கூரம் செப்பேட்டைப் பற்றிச் சொன்னார்களா? ஏழாம் நூற்றாண்டில் முதலாம் பரமேசுவரவர்ம பல்லவன் கொடுத்தது. அங்கே அவன் பெயரில் ஒரு பெரிய ஏரி வெட்டி, பாலாற்றிலிருந்து பெரும்பிடுகு என்ற கால்வாயைக் கொண்டுவந்தார்கள். எனக்குப் பெரிதாகப் படுவது வேறொன்று. தானமாகக் கொடுத்த ஊரை 25 பங்காக்கி, அதில் 3 பங்கைக் கோயில் பூசைக்கும் பழுதுபார்க்கவும் ஒதுக்கினார்கள். அங்கிருந்த மண்டபத்துக்குத் தண்ணீரும் நெருப்பும் கொண்டுவர ஒரு பங்கு, அதில் பாரதம் படிக்க ஒரு பங்கு. கட்டும்போதே பராமரிப்புக்கும் வழி செய்துவிட்டார்கள். நாம் இன்று திறப்பு விழாவோடு எழுந்து வந்துவிடுகிறோம்.

மழைநீர் சேகரிப்பையே பார். 2003-ல் தமிழ்நாடு முழுக்கச் சட்டம் போட்டு வீட்டுக்கு வீடு குழி தோண்டிக் குழாய் இறக்கினார்கள். நல்ல காரியம். ஆனால் எத்தனை வீட்டில் அந்தக் குழி இன்று தண்ணீர் இழுக்கிறது? ஆயிரம் சதுர அடி மாடியில் ஒரு சென்டிமீட்டர் மழை விழுந்தால் சுமார் 900 லிட்டர். அது கிணற்றுக்குப் போகவேண்டுமானால், ஐப்பசிக்கு முன்னால் மொட்டைமாடியைக் கூட்டி, குழியின் மேல்மணலை வாரி அலசிப் போட்டு, முதல் மழையை வெளியே விட்டுவிட வேண்டும். அரை நாள் வேலை. அதோடு குளியலறைத் தண்ணீரை வாழைக்குத் திருப்பு. ஒரே இடத்தில் தேங்காமல் பாத்தியை மாற்றிக்கொண்டே இரு.

வீட்டைவிட ஏரிதான் முக்கியம் என்பேன். நீ எவ்வளவு சிக்கனமாக இருந்தாலும், வரத்துக்காலில் கேரிபேக்கும் சீமைக்கருவேலமும் அடைத்துக்கொண்டால் ஊர்க் கிணறு முழுக்க வற்றும், உன் கிணறும் சேர்த்து. அந்த அடைப்பைத் தனியாளாக எடுக்கமுடியாது. நம் மாவட்டத்து உத்திரமேரூரில் 919, 921 ஆண்டுகளில் வெட்டிய கல்வெட்டுகள், குடவோலை போட்டு ஏரி வாரியத்துக்கு ஆள் எடுத்ததைச் சொல்கின்றன. பதவி 360 நாள்தான். முன்பு வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவர் பெயரைக் குடத்திலேயே போடக்கூடாது. அந்தக் கண்டிப்பு இன்றைக்கும் வேண்டும்.

ஊருக்குப் புதியவள் நீ. எடுத்த எடுப்பில் யாருக்கும் புத்தி சொல்லாதே. வயலுக்குத் தண்ணீர் பாய்ச்சிய பெரியவர்கள் இருப்பார்கள். மதகு எது, கலங்கல் எது, தண்ணீர் எந்தப் பக்கமிருந்து வரும் என்று அவர்களிடம் கேள். நூறுநாள் வேலைக்குப் போகும் பெண்களோடு பழகு. கால்வாயில் எங்கே அடைப்பு என்று அவர்களுக்குத்தான் சரியாகத் தெரியும். அடுத்த கிராமசபைக்குத் தவறாமல் போ. வரத்துக்காலைத் தூர்வாருவதைத் தீர்மானத்தில் எழுதச் சொல், வருடா வருடம் என்பதையும் சேர்த்து.

ஆவணிக்குள் ஒரு நாள் நானும் வருகிறேன். கால்வாய் ஓரமாக நடந்து பார்ப்போம். அதற்குள் அக்கம்பக்கத்தில் நாலு பேரையாவது சேர்த்து வை.

அன்புடன்,
உன் தாத்தா