இடம் இருந்தும் ஏறாத வீடியோ

கேள்வி: என் 32 ஜிபி பென்டிரைவ் காலியாகத்தான் இருக்கிறது. ஆனாலும் 6 ஜிபி கல்யாண வீடியோவை ஏற்ற மறுக்கிறதே! பெரிதாக ஒன்று வாங்கிவிடலாமா?
- வாசகி, சுபாங் ஜெயா

பதில்: காசைச் செலவழிக்காதீர்கள். அதில் பெரும்பாலும் ஃபேட்32 அமைப்பு இருக்கும். 4 ஜிபியைத் தாண்டிய ஒற்றைக் கோப்பை அது ஏற்காது. அமைப்பை மாற்ற ஃபார்மேட் செய்தால் போதும். உள்ளே ஏதாவது இருந்தால் முதலில் வெளியே எடுத்து வையுங்கள், ஃபார்மேட் எல்லாவற்றையும் துடைத்துவிடும். பிறகு விண்டோஸில் அந்த டிரைவின் மேல் வலது கிளிக், 'ஃபார்மேட்', அதில் 'எக்ஸ்ஃபேட்' அமைப்பைத் தேர்ந்தெடுங்கள். மேக்கிலும் இது ஓடும். சில பழைய டிவிகள்தான் முரண்டு பிடிக்கும்.

பின்னால் வாங்குவதாக இருந்தால், இணையத்தில் முப்பது ரிங்கிட்டுக்கு வரும் '2 டிபி' பென்டிரைவ் பக்கம் போகவே வேண்டாம். கொள்ளளவைப் பொய்யாகக் காட்டும். உண்மையான இடம் தீர்ந்தபின் ஏற்றும் படமெல்லாம் பாழ். லோ யாட் பிளாசா போன்ற கடை வளாகத்தில் வாங்கினாலும், எச்2டெஸ்ட்டபிள்யூ என்ற இலவச மென்பொருளால் ஒருமுறை முழுதும் சோதித்துவிட்டுப் பயன்படுத்துங்கள்.