சனிக்கிழமை ஆட்டம் பற்றி

அன்பு மருமகனுக்கு,

உனக்குத் தலையில் அடிபட்ட பிறகு உன் அப்பன் குடும்ப வாட்ஸ்அப்பில் "ஸ்கேன் கிளியர், பையன் ஓகே" என்று போட்டதும் எல்லாரும் கைதட்டினார்கள். நான் பதில் போடவில்லை. அங்கே எழுதினால் சண்டையில் போய் முடியும். அதனால் உன் அம்மாவிடம் இந்தக் காகிதத்தைக் கொடுத்தனுப்புகிறேன். இந்த இரண்டு நாளும் நீ ஃபோனை அதிகம் பார்க்கக் கூடாது என்பதும் ஒரு காரணம்.

முதலில் அந்த ஸ்கேன். மூளையில் இரத்தம் கசிந்திருக்கிறதா, மண்டை ஓடு விரிசல் விட்டிருக்கிறதா என்றுதான் சிடி ஸ்கேன் சொல்லும். கன்கஷன், அதாவது மூளை குலுங்கியது, அதில் தெரியாது. தாவ் பூ ஃபா டப்பாவை வேகமாக ஆட்டினால் டப்பா உடையாது, உள்ளே இருப்பதுதான் கலங்கும். மூளை குலுங்கும்போது நரம்பு இழைகள் இழுபடுகின்றன. உயிரணுக்களுக்குள் இருக்க வேண்டிய உப்புச்சத்து வெளியே போகிறது, வெளியே இருப்பது உள்ளே வருகிறது. அதைச் சரிசெய்ய மூளைக்கு வழக்கத்தைவிட அதிகச் சக்தி வேண்டும். அந்த நேரம் பார்த்து இரத்த ஓட்டமோ குறைந்திருக்கும். இந்தப் பற்றாக்குறை தீருமுன் இன்னொரு அடி விழுந்தால், அபூர்வமாகத்தான் என்றாலும், மூளை வீங்கி உயிரே போய்விடுவது உண்டு. அப்படிப் போனவர்கள் பெரும்பாலும் உன் வயதுப் பிள்ளைகள்.

"மயக்கமே வரவில்லையே அத்தை" என்றாய். பெரும்பாலானவர்களுக்கு வராது. நீ லைட்டை அணைக்கச் சொன்னாய், தங்கச்சி மேல் எரிந்து விழுந்தாய், கோல் எத்தனை என்று இரண்டு தடவை கேட்டாய். உன் அம்மா எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள். முப்பது வருஷம் ஆஸ்பத்திரியில் மிஸ்ஸியாக வேலை பார்த்தவளுக்கு இதற்கு மேல் ஆதாரம் வேண்டாம்.

உன் மாமா இருந்திருந்தால் கிரிக்கெட் வீரர் ரமன் லம்பா கதையை ஆரம்பித்திருப்பார். 1998 பிப்ரவரியில் டாக்காவில் ஒரு லீக் ஆட்டம். ஓவரில் மூன்று பந்துதானே பாக்கி என்று ஹெல்மெட் போடாமல் மட்டையாளருக்குப் பக்கத்திலேயே நின்றார். பந்து நெற்றியில் பட்டது. தானாகவே எழுந்து நடந்துதான் வெளியே போனார். மூன்றாம் நாள் உயிர் போய்விட்டது. அவருக்கு இருந்தது உள்ளே இரத்தக் கசிவு, உனக்கு அது இல்லை என்று ஸ்கேன் சொல்லிவிட்டது. நிம்மதிதான். ஆனால் நடந்து போகிறான், பேசுகிறான் என்பதை மட்டும் வைத்து யாரும் தீர்ப்புச் சொல்லக் கூடாது என்பதற்காகச் சொல்கிறேன்.

இன்னொன்று நீயே பார்த்திருப்பாய். 2020 டிசம்பரில் கான்பெராவில் நம் சின்னப்பம்பட்டி நடராஜனுக்கு முதல் டி20 ஆட்டம். ஜடேஜாவுக்குக் கடைசி ஓவரில் ஹெல்மெட்டில் அடி. ஆடி முடித்து 44 ரன்னோடு உள்ளே போன பிறகுதான் தலைசுற்றல். அவருக்குப் பதில் வந்த சஹல் மூன்று விக்கெட் எடுத்ததும் ஏமாற்று வேலை என்று ஆளாளுக்குக் கத்தினார்கள். தலைசுற்றல் தாமதமாக வருவது சகஜம் என்று கத்தியவர்களில் எத்தனை பேருக்குத் தெரியும்? அடிபட்டவுடன் பிசியோ வந்து பார்க்காததைத்தான் நான் குறை சொல்வேன்.

சரி, பெரியப்பா விஷயம். உனக்குத் தெரியும், ஆனால் உன் அப்பன் சொல்கிற மாதிரிதான் தெரியும். தீபாவளிக் கிண்ண ஆட்டத்தில் கோல் கம்பத்தில் தலை மோதியது. எஸ்டேட் டிரெசர் வெள்ளை மாத்திரை இரண்டு கொடுத்தார், என் அண்ணன் இரண்டாம் பாதியும் ஆடினான். "ஆம்பளப் புள்ள தாங்கிக்குவான்" என்று எஸ்டேட்டே சொன்னது. அதற்குப் பிறகு புத்தகத்தை எடுத்தாலே தலைவலி. திமிர் என்று தாத்தா பெல்ட்டை எடுத்தார். பரீட்சை போனது, பேசி வைத்த சம்பந்தமும் போனது. கடைசியில் செய்வினை என்று சாமியாடியிடம் கூட்டிப் போனார்கள்! அந்த அடியால்தான் எல்லாம் என்று எந்த டாக்டரும் எழுதிக் கொடுக்கவில்லை. ஆனால் அதே "தாங்கிக்குவான்" முந்தாநாள் உன் அப்பன் வாயிலிருந்து வந்தது. அன்று திடல் ஓரத்தில் நின்று கைதட்டிய பொடியன் அவன். நான் மறக்கவில்லை.

2022இல் ஆம்ஸ்டர்டாமில் விளையாட்டு மருத்துவர்கள் கூடி வகுத்த முறைப்படி, திரும்ப ஆடப் போவதற்கு ஆறு படி. முதல் ஒன்றிரண்டு நாள் அடக்கமாக வீட்டில் இருப்பது, பிறகு நடையும் லேசான ஓட்டமும், தனியாகப் பந்துப் பயிற்சி, மோதல் இல்லாத குழுப் பயிற்சி, டாக்டர் சம்மதித்தால் முழுப் பயிற்சி, அதற்கும் பிறகுதான் ஆட்டம். படிக்கு ஒரு நாளாவது ஆகும். அறிகுறி கூடினால் நிறுத்திவிட்டு அடுத்த நாள்தான் தொடர வேண்டும். அடி பட்டது புதன்கிழமை, அரையிறுதி சனிக்கிழமை. கணக்கு நீயே போட்டுக்கொள். கல்லூரிக்குப் போவது அதற்கு முன்னால் வர வேண்டும், அதுவும் அரை நாளாக ஆரம்பித்து.

தூங்கலாம், பயப்படாதே. தூங்கவிடாமல் உலுக்கிக்கொண்டிருப்பதெல்லாம் பழைய வழக்கம். ஆனால் திரும்பத் திரும்ப வாந்தி, கூடிக்கொண்டே போகும் தலைவலி, வலிப்பு, ஒரு கை மரத்துப்போவது, எழுப்பினால் எழ முடியாதது, இவற்றில் ஏதாவது ஒன்று என்றால் நேராக எமர்ஜென்சி. மோட்டார் தொடாதே. ஃபெடரல் நெடுஞ்சாலையில் தனிப் பாதை இருந்தாலும் பிரேக் பிடிக்க வேண்டியவன் நீதானே. சிரிம் முத்திரை போட்ட ஹெல்மெட் மண்டையைக் காப்பாற்றும், உள்ளே குலுங்குவதை முழுசாகத் தடுக்காது.

ஆடுவதும் ஆடாததும் உன் விருப்பம். இருபது வயசுப் பிள்ளையை நான் கட்டிப்போட முடியாது. உன் கோச்சிடம் மட்டும் ஒரு வார்த்தை பேசினேன், சனிக்கிழமைக்கு வேறு கோல்கீப்பர் பார்த்துவிட்டார். கோபம் வந்தால் என்னைத் திட்டு, அந்த மனிதரை விட்டுவிடு.

அத்தை எப்போதும் பாடம் எடுக்கிறாள் என்று நினைக்காதே ராஜா. நீ அந்தப் பெனால்டியைப் பிடித்த வீடியோவைப் பக்கத்து வீட்டு ஆன்ட்டி வரைக்கும் காட்டிவிட்டேன். சனிக்கிழமை பசாரில் நண்டு வாங்குகிறேன், உனக்குப் பிடித்த மாதிரி முருங்கைக்கீரை போட்டுச் சமைக்கிறேன். நீ கேட்ட கையுறையும் வாங்கித் தருகிறேன், எவ்வளவு ஆனாலும் சரி. உன் அப்பனையும் கூட்டி வா, அவனுக்கும் சேர்த்துத்தான் ஆக்குகிறேன். ஜிபிஎஸ் பார்க்காதே, எஸ்எஸ்15 எல்ஆர்டியில் இறங்கி நில், நான் வந்து ஏற்றிக்கொள்கிறேன்.

அன்புடன்,
அத்தை
சுபாங் ஜெயா